வெள்ளத் தடுப்பு யார் வேலை: மாநகர் கழகமா, மாநிலமா, புத்ராஜெயாவா?

ஜோர்ஜ்டவுனில் ஜாலான் பி. ரம்லிக்கு அருகே குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “கனமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றுவிடுகிறது. மாநகர் கழகத்திடம் முறையிட்டால் ஆறு ஜேபிஎஸ் (வடிகால் நீர்ப்பாசனத் துறை) பொறுப்பு என்கிறார்கள். ஜேபிஎஸ்ஸில் கேட்டால் கூட்டரசு ஒதுக்கீடு வர வேண்டும் என்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினர் கூட்டரசின் நிர்வாகத் தலைமையிடமான புத்ராஜெயாவுக்கு எழுதியாகிவிட்டது என்கிறார். உண்மையில் இது யாருடைய வேலை? ஒப்புதல் கிடைத்துவிட்டதாகப் பத்திரிகையில் வந்த பிறகும் ஏன் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது?”

மூவருமே உங்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட்டார்கள். மலேசியாவில் ஒரு வெள்ளத் தடுப்புத் திட்டம் கூட்டரசின் பணம், மாநிலத்தின் நிலம், ஊராட்சி மன்றத்தின் (உங்கள் ஊரில் அது மாநகர் கழகம்) அனுமதி ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால்தான் நடக்கும். பொதுவாக நம்மவர்கள் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். ‘கோலாலம்பூர் பணம் தரவில்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வடிகால் பணிகளோடு நெடுங்காலம் தொடர்புடையவன் என்ற முறையில் என் கணிப்பு வேறு. பணம் தாமதமாவது உண்மைதான், ஆனால் திட்டங்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது நிலத்தில். முடிந்த திட்டங்கள் பயனற்றுப்போவது பராமரிப்பில். இவ்விரண்டுமே பெரும்பாலும் உள்ளூரில் தீர்மானிக்கப்படுபவை.

உங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். சுங்கை பினாங்கு என்பது தனி ஆறு அன்று. பினாங்குத் தீவின் நடுவிலுள்ள மலைத்தொடரிலிருந்து இறங்கும் சில கிளைகள் சேர்ந்த ஆறு. தாவரவியல் பூங்கா வழியாகத் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஓடிவரும் சுங்கை ஆயர் தெர்ஜுன் ஒரு கிளை. தைப்பூசத்துக்குப் போகிற எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் சுங்கை ஆயர் ஈத்தாம் மற்றொன்று. பாயா தெருபோங் பள்ளத்தாக்கின் நீரைக் கொண்டுவரும் சுங்கை டொண்டாங் அதில் சேர்கிறது. தெற்கிலிருந்து சுங்கை ஜெலுத்தோங் வருகிறது. பினாங்கு மலையின் உயரம் 833 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்துக்குள் கடல் மட்டத்துக்கு இறங்கும் நீர், மலைச்சரிவில் வேகமெடுத்து, சமதளத்தை அடைந்ததும் திடீரென்று வேகமிழந்து பரவுகிறது. அந்த நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் ஆற்றின் வாயே அடைபட்டதுபோலாகிறது. தாழ்வான தெருக்களின் லோங்காங் (தெரு வடிகால்) தண்ணீர் ஆற்றுக்குள் போக முடியாமல் பின்வாங்கித் தெருவுக்கே வருகிறது. எனவே, மலைமீது மண்ணை வெட்ட யார் அனுமதித்தார், நடுவில் ஆற்றை யார் அகலப்படுத்தவில்லை, கீழே கடல்வாயில் மதகை யார் பார்த்துக்கொள்கிறார் என்ற மூன்று கேள்விகளும் உங்கள் ஒரே தெருவில் வந்து முட்டுகின்றன.

சட்டத்தில் பொறுப்பு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது? கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆறுகளும் வண்டல் கட்டுப்பாடும் ஆற்றங்கரை உரிமைகளும் அதே பட்டியலில்தான். வடிகாலும் நீர்ப்பாசனமும், நகர, கிராமத் திட்டமிடலும் இரு அரசுகளுக்கும் பொதுவான பட்டியலில் உள்ளன. ஒரே மாநிலத்துக்குள் அடங்காத ஆறுகள், சம்பந்தப்பட்ட மாநிலங்களுக்குள் உடன்பாடு இல்லாதவரை, கூட்டரசுப் பட்டியலில் வருகின்றன. ஆகவே சுங்கை பினாங்கு மாநிலத்தின் ஆறு. கெடாவுக்கும் பினாங்குக்கும் இடையே தன் கீழ்ப்பகுதியில் எல்லையாக ஓடும் சுங்கை மூடா அப்படியன்று. மூடாவின் வெள்ளத் தடுப்புப் பணிகளைக் கூட்டரசு முன்னின்று நடத்தியதில் வியப்பில்லை: ஒரு கரையை மட்டும் உயர்த்தினால் மறு கரைக்காரர் மூழ்குவார், அதை இரு மாநிலங்களுக்கும் மேலே நிற்கும் ஒருவர்தான் சரிப்படுத்த முடியும்.

பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் மேற்கோள் காட்டாத ஒரு பிரிவு அதே அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது; 82ஆம் பிரிவு. பொதுப் பட்டியலிலுள்ள ஒரு விவகாரத்துக்குச் செலவு ஏற்பட்டால், வேறு உடன்பாடு இல்லாதபோது, அச்செலவு கூட்டரசின் கடப்பாட்டால் வந்ததாகவோ, அல்லது கூட்டரசுக் கொள்கைக்கு ஏற்ப, கூட்டரசின் குறிப்பான ஒப்புதலுடன் மாநிலம் மேற்கொண்டதாகவோ இருந்தால் கூட்டரசு ஏற்க வேண்டும். மாநிலம் தன் சொந்த முடிவில் மேற்கொண்டதாக இருந்தால் மாநிலமே ஏற்க வேண்டும். இதன் நடைமுறை விளைவு என்ன என்றால், எந்த மாநில அரசும் ஒரு பெரிய ஆற்றுத் திட்டத்தைத் தன் போக்கில் தொடங்க அஞ்சும். முன்கூட்டி ஒப்புதல் வாங்காமல் தொடங்கினால் கணக்கு தன் தலையில் விழும் என்பது தெரியும். மாநிலத்தின் வருவாயோ பெரும்பாலும் நில வரி, நில உரிமை மாற்றக் கட்டணம் போன்றவற்றைச் சார்ந்தது. வருமான வரி கூட்டரசுக்குப் போகிறது. ஒரு முழு ஆற்றுப்படுகையைச் சீர்செய்யும் செலவை அந்த வருவாயில் சமாளிக்க முடியாது. ‘புத்ராஜெயாவுக்கு எழுதியிருக்கிறோம்’ என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினர் சொன்னதைத் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு வேறு வழி இல்லை.

அந்தக் கடிதம் எங்கே போகிறது? வடிகால் நீர்ப்பாசனத் துறை, அதாவது நாம் ஜேபிஎஸ் என்று சொல்லும் துறை, 1932இல் தொடங்கப்பட்டது. மாநிலத்தில் ஒரு ஜேபிஎஸ் இருக்கிறது, தலைமையகம் கோலாலம்பூரில் இருக்கிறது. மாநில ஜேபிஎஸ் திட்டத்தைத் தயாரித்து மாநிலப் பொருளாதாரத் திட்டப் பிரிவின் வழியாகவும் துறையின் தலைமையகம் வழியாகவும் மேலே அனுப்பும். அது அமைச்சைக் கடந்து, பொருளாதார அமைச்சிலும் நிதியமைச்சிலும் மற்ற மாநிலங்களின் விண்ணப்பங்களோடு வரிசையில் நின்று, ஐந்தாண்டு மலேசியத் திட்டத்தின் ஆண்டுச் சுற்று ஒன்றில் இடம்பெற வேண்டும். இதில் ஒரு சிறு வேடிக்கை: 2018க்குப் பிறகு மட்டும் ஜேபிஎஸ்ஸுக்கு மேலே இருக்கும் அமைச்சின் பெயரும் பொறுப்பும் நான்கு முறை மாறியிருக்கின்றன. இப்போது அது எரிசக்தி, நீர் உருமாற்றத்துக்குரிய அமைச்சின் கீழ் இருக்கிறது. பெயர்ப்பலகை மாறும்போது கோப்பு தொலைந்துவிடுவதில்லை. ஆனால் கோப்பை நன்கு அறிந்த அதிகாரி வேறிடத்துக்குப் போய்விடுகிறார்.

பத்திரிகையில் வந்த ‘ஒப்புதல்’ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை கோடி ரிங்கிட் அங்கீகரிக்கப்பட்டது என்று செய்தி வரும்போது, அது பெரும்பாலும் திட்டத்தின் மொத்த உச்சவரம்பு. அவ்வளவு பணமும் அந்த ஆண்டே வந்துவிட்டது என்று பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு பகுதி ஒதுக்கப்படும். தொடக்க ஆண்டுகளில் அது ஆலோசகர் நியமனம், நில அளவை, மண் பரிசோதனை ஆகியவற்றுக்கே செலவாகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் நாடு முழுவதும் 33 வெள்ளத் தடுப்புத் திட்டங்கள், மொத்தம் 1,180 கோடி ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகை அந்த ஓராண்டுக்கானது என்று நினைத்துக்கொண்டு ‘பணம் எங்கே போயிற்று’ என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியது வேறு: இந்த ஆண்டு இந்தத் திட்டத்துக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது, அது எந்தக் கட்டத்துக்கு?

அரசியல் இதில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2008 முதல் 2018 வரை பினாங்கை ஒரு கூட்டணியும் கூட்டரசை எதிர்க்கூட்டணியும் ஆண்டன. அந்தப் பத்தாண்டில் ஒதுக்கீடு பற்றிய சண்டை அடிக்கடி நடந்தது. 2022 டிசம்பரில் புதிய பிரதமர், நேரடிப் பேச்சுவார்த்தையில் தரப்பட்டிருந்த ஏறத்தாழ 700 கோடி ரிங்கிட் மதிப்புள்ள வெள்ளத் தடுப்புத் திட்டங்களை மறுபரிசீலனை செய்து மீண்டும் டெண்டருக்கு விட உத்தரவிட்டார். டெண்டர் முறைக்குத் திரும்பியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கும் காலம் பிடித்தது. இருந்தும் அரசியலை மட்டும் காரணம் காட்டினால், இரு அரசுகளும் ஒரே பக்கம் இருந்த ஆண்டுகளிலும் வேலை ஏன் விறுவிறுவென்று முடியவில்லை என்பதற்கு விளக்கம் கிடைக்காது.

விளக்கம் நிலத்தில் இருக்கிறது. ஓர் ஆற்றை அகலப்படுத்த வேண்டுமானால் இரு கரையிலும் நிலம் வேண்டும். கரையை ஒட்டி இயந்திரம் போகவர ஒரு பாதையும் வேண்டும். நம் பழைய நகரங்களில் ஆற்றின் ஒதுக்கு நிலம் பல இடங்களில் முறையாக அரசிதழில் அறிவிக்கப்படாமலே இருந்துவிட்டது. கரையின் விளிம்புவரை தனியார் பட்டா இருக்கிறது. எனவே 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும். பணம் கூட்டரசுடையதாக இருந்தாலும் நிலத்தை எடுக்கும் அதிகாரம் மாநில அரசிடமும் அதன் நில நிர்வாகியிடமும்தான் இருக்கிறது. முதலில் அறிவிப்பு, பிறகு எட்டாம் பிரிவின் கீழ்ப் பிரகடனம், அதன் பிறகு விசாரணை, மதிப்பீடு, இழப்பீட்டுத் தீர்ப்பு, கடைசியில் பாரம் கே என்ற படிவத்தின் மூலம் நிலம் கைக்கு வருவது. பிரகடனம் வெளியான இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பு முடியாவிட்டால் பிரகடனமே காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே துண்டு நிலத்துக்கு நான்கு வாரிசுகள், ஒருவர் வெளிநாட்டில், ஒருவருடைய இறப்புச் சான்றிதழே கிடைக்கவில்லை என்றால் விசாரணை எத்தனை முறை தள்ளிப்போகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பினாங்கில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. நம் மக்களை நேரடியாகத் தொடுவது அதுதான். தீவின் பழைய கம்பங்களில் நிலம் ஒருவருடையது, வீடு வேறொருவருடையது. மாதம் ஒரு சிறு தரை வாடகை கொடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பலகை வீட்டில் குடியிருந்தவர்கள் ஆற்றோரங்களில் பலர்; அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நில எடுப்புச் சட்டம், உரிமையாளரின் விருப்பம்வரை மட்டும் குடியிருக்கும் வாடகைதாரரை ‘சம்பந்தப்பட்ட நபர்’ என்று ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே இழப்பீடு நில உரிமையாளருக்குப் போகும். ஐம்பது ஆண்டு குடியிருந்தவருக்குச் சட்டப்படி பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மாநில அரசு பரிவுத் தொகையோ மாற்று வீடோ தந்தால்தான் உண்டு. அந்த மாற்று வீட்டுக்கான செலவு திட்டத்தின் கூட்டரசுத் தொகையில் சேருமா, மாநிலம் தனியாக ஏற்க வேண்டுமா என்பதிலேயே மாதக்கணக்கில் கடிதங்கள் போய்வரும். இதற்குள் அந்தக் குடும்பத்தை யாரும் குறை சொல்ல முடியாது. போக இடம் கிடைக்காதவரை நகர மாட்டார்கள், நகரவும் கூடாது.

ஆற்றுப் பணி நடக்கும் எந்த இடத்திலும் இதன் அடையாளத்தைக் கண்ணால் பார்க்கலாம். எஃகுத் தகடுகளை வரிசையாக அடித்து இறக்கிய கரைச்சுவர் நேராக வந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒரு பழைய வீட்டின் பின்புறச் சமையலறை ஆற்றுப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்குமிடத்தில் நின்றுவிடும். அந்த வீட்டைத் தாண்டி மறுபடி தொடங்கும். நடுவில் ஆறு பழைய அகலத்திலேயே இருக்கும். மேலிருந்து விரிந்து வரும் தண்ணீர் அந்த இடுக்கில் தேங்கி மேல்நோக்கி ஏறும். அதாவது முக்கால் பங்கு முடிந்த திட்டம் முக்கால் பங்கு பயன் தருவதில்லை. அந்த ஓர் இடுக்கு இருக்கிற வரைக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்குப் பழைய நிலைமைதான். இதனோடு நிலத்தடியில் மின்சாரக் கம்பி, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் என்று ஒவ்வொரு நிறுவனத்தின் சொத்தும் கிடக்கிறது; ஒவ்வொன்றையும் மாற்ற அந்தந்த நிறுவனத்தின் அட்டவணைக்குக் காத்திருக்க வேண்டும். குத்தகையாளர் தாமதப்படுத்துகிறார் என்று நாம் திட்டிக்கொண்டிருக்கும் மாதங்களில் பல, உண்மையில் ஒரு குழாயை நகர்த்துவதற்காகக் காத்திருந்த மாதங்கள்.

மாநிலம் என்ற ஒரு படி இல்லாவிட்டால் எல்லாம் எளிதாகிவிடுமா? கோலாலம்பூரைப் பார்த்தால் பதில் தெரியும். 1974 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமான அந்நகரில் நிலம், பணம், ஊராட்சி மூன்றும் ஏறத்தாழ ஒரே கூரையின் கீழ் உள்ளன. வெள்ளநீரை நகருக்கு அடியில் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கம் அதன் விளைவு. 2003இல் கட்டத் தொடங்கி 2007இல் திறந்துவிட்டார்கள். 9.7 கிலோமீட்டர் நீளம், தோண்டிய இயந்திரத்தின் விட்டம் 13 மீட்டருக்குமேல், செலவு ஏறத்தாழ 190 கோடி ரிங்கிட். கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் சேருமிடத்துக்கு அருகே கம்போங் பெரெம்பாங்கில் வெள்ளத்தைப் பிடித்து, நகர மையத்தின் அடியில் கொண்டுபோய், தாமான் டேசா ஏரியில் தேக்கி, சுங்கை கெராயோங்கில் விடுகிறது. சுரங்கமும் இரு முனைகளிலுள்ள குளங்களும் சேர்ந்து ஏறத்தாழ 30 லட்சம் கன மீட்டர் நீரைத் தாங்கும். நடுவிலுள்ள ஏறத்தாழ 3 கிலோமீட்டர், வறண்ட நாட்களில் இரண்டு அடுக்குக் கட்டணச் சாலை. பெருவெள்ளம் வரும்போது வாகனங்களை வெளியேற்றி, கதவுகளை மூடி, சாலையையும் நீருக்குத் திறந்துவிடுகிறார்கள். வெள்ளப் பகுதி ஜேபிஎஸ்ஸுக்கும் சாலைப் பகுதி நெடுஞ்சாலை வாரியத்துக்கும் உரியவை. தனியார் கூட்டு நிறுவனம் ஒன்று கட்டி நடத்துகிறது. அந்தச் சுரங்கம் பெரும்பாலும் சாலைகளுக்கும் அரசு நிலத்துக்கும் அடியில் ஓடுவதால் நில எடுப்பு மிகக் குறைவு. அதன் வேகத்துக்கு அதுவே முதற்காரணம் என்பது என் கருத்து; பொறியியல் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை.

இருந்தும் 2022 மார்ச் 7 அன்று அதே நகர மையத்தில் கார்கள் மிதந்தன. ஸ்மார்ட் ஆற்றின் மேல்பகுதி வெள்ளத்தைத் திருப்பிவிடுகிறதே தவிர, நகரத்தின் தலைமேலேயே ஒரு மணி நேரத்தில் கொட்டும் மழையை ஆற்றுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை சாலையோர வடிகால்களுடையது. கான்கிரீட் போட்ட பரப்பு கூடிக்கொண்டே போக, பழைய அளவிலேயே இருக்கும் வடிகால் அதைத் தாங்குவதில்லை. ஆகவே ஒரே அரசின் கையில் எல்லாம் இருந்தாலும், பெரிய திட்டத்துக்கும் சிறிய வடிகாலுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழவே செய்கிறது.

இந்த இடத்தில்தான் ஊராட்சி மன்றத்தின் பங்கு வருகிறது. மூவரில் மிகக் குறைவாகச் செலவழிப்பவரும், என் பார்வையில் மிக அதிகமாகத் தீர்மானிப்பவரும் அவரே. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குடியிருப்புப் பகுதிகளின் மழைநீர் வடிகால்களைக் கட்டிக் காப்பது ஊராட்சி மன்றத்தின் கடமை. அதைவிட முக்கியம், 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி கட்டுமானத்துக்கு அனுமதி தருவதும் அதே மன்றம். ஜேபிஎஸ் 2000இல் வெளியிட்டு 2012இல் திருத்திய நகர மழைநீர்க் கையேடு, ஒரு நிலத்தில் கட்டடம் வந்த பிறகு வெளியேறும் உச்ச நீரோட்டம், கட்டுவதற்கு முன் இருந்ததைவிடக் கூடக்கூடாது என்று கேட்கிறது. அதற்காகவே புதிய குடியிருப்புகளில் நீர்த்தேக்கக் குளங்களும் நிலத்தடித் தொட்டிகளும் கட்டப்படுகின்றன. வரைபடத்தில் அந்தத் தொட்டி இருக்கும். பத்தாண்டு கழித்து அது வண்டலால் நிறைந்து கிடக்கிறதா என்று யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

மலைச்சரிவு இன்னும் கூர்மையான விவகாரம். கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்திலும் கட்டக்கூடாது என்பது பினாங்கின் பொது விதி. சிறப்புத் திட்டம் என்று விலக்கு பெற்றவையும் உண்டு. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே, நவம்பர் 4, 5 தேதிகளில், மாநிலம் முழுவதையும் பெருவெள்ளம் மூழ்கடித்து ஏழு பேரைக் கொண்டுபோயிற்று; நள்ளிரவு கடந்த வேளையில் முதலமைச்சர் ராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டியதாயிற்று. அன்று பெய்தது அசாதாரணமான மழை. எந்த வடிகாலும் அதை முழுதாகத் தாங்கியிராது. ஆனால் சாதாரண மழையிலும் வெட்டப்பட்ட சரிவிலிருந்து இறங்கும் சிவந்த சேறு ஆற்றின் அடியில் படிந்து அதன் ஆழத்தைக் குறைக்கிறது. கூட்டரசு பணம் கொடுத்து ஆழப்படுத்திய ஆற்றை, உள்ளூரில் தந்த அனுமதி மெல்ல மெல்ல நிரப்பிக்கொண்டிருக்கும்.

அந்த மன்றத்தை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. 1951இலேயே மன்றத் தேர்தல் நடத்திய நகரம் ஜோர்ஜ்டவுன். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் இல்லாமலே போயின. இன்று கவுன்சிலர்களை நியமிப்பது மாநில அரசு. வீட்டு வரி கட்டுகிறவர் அடைபட்ட வடிகாலுக்காக யாரையும் வாக்கால் தண்டிக்க முடியாது. அதனால்தான் லோங்காங் பிரச்சினைகூடச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போகிறது.

இனிப் பராமரிப்பு. கடலேற்றம் பாதிக்கும் தாழ்நிலத்தில் ஒரு திட்டம் பெரும்பாலும் மூன்று பொருள்களால் ஆனது: கரை, ஒருவழிக் கதவு, பம்பு நிலையம். ஒருவழிக் கதவு என்பது வடிகால் ஆற்றில் சேரும் வாயில் தொங்கும் கனமான இரும்பு மூடி. உள்ளே நீர் உயர்ந்தால் தள்ளித் திறந்துகொள்ளும், வெளியே உயர்ந்தால் தானே சாத்திக்கொள்ளும். மிக எளிய பொருள். ஒரு மெத்தைத் துண்டோ மரக்கட்டையோ இடையில் சிக்கினால் போதும். முழுதாகச் சாத்தாத மூடியின் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறி, வெயில் காயும் நாளிலும் தெருவில் தண்ணீர் நிற்கும். பம்பு நிலையத்தின் முன்னால் குப்பையைத் தடுக்கும் இரும்புச் சட்டம் இருக்கும். அதில் பிளாஸ்டிக் படிந்தால் பம்புக்கு நீர் வராது. மின்சாரம் நின்றால் ஓட வேண்டிய டீசல் இயந்திரத்தை மாதம் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்காவிட்டால் தேவையான இரவில் அது கிளம்பாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் பட்டது நினைவிருக்கும். கிள்ளான் ஆற்றங்கரையில், ஆற்றைவிடத் தாழ்ந்த நிலத்தில், கரையையும் மதகையும் பம்பையும் நம்பி வாழும் குடியிருப்பு அது. அந்தப் பருவ வெள்ளங்களால் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளியியல் துறை மதிப்பிட்டது. தாழ்நிலத்தைக் கரைகட்டிக் காப்பாற்றும்போது, அந்தக் கரைக்குள்ளே பெய்யும் மழையை வெளியேற்றும் பொறுப்பையும் நிரந்தரமாக ஏற்றுக்கொள்கிறோம்.

கூட்டு முறையின் பலவீனம் இங்கே வெளிப்படுகிறது. கட்டுவதற்குக் கூட்டரசின் மேம்பாட்டு நிதி வரும். திறப்பு விழாவுக்கு அமைச்சரும் வருவார். கட்டி முடித்து ஒப்படைத்த பிறகு ஆண்டுதோறும் வேண்டிய டீசல், மசகு, காவலாள், வண்டல் அள்ளும் செலவு எல்லாம் நடைமுறைச் செலவு. அது மாநில ஜேபிஎஸ்ஸிடமோ ஊராட்சி மன்றத்திடமோ வந்து சேரும். அந்தப் பணத்துக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. எந்த மதகு யார் பெயரில் ஒப்படைக்கப்பட்டது என்பதே சில இடங்களில் எழுத்தில் தெளிவாக இல்லாமல், பழுதாகும் நாளில்தான் தெரியவருகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓர வடிகால் பொதுப்பணித் துறையின் பொறுப்பு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்தைப் போன்ற இடத்தில் சில நூறு மீட்டருக்குள் மூன்று வேறு துறைகளின் வடிகால்கள் ஒன்றோடொன்று இணைகின்றன.

ஆகவே ‘யார் பொறுப்பு’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் இன்னொருவரைக் கைகாட்டும் பதிலே வரும். மாநில ஜேபிஎஸ்ஸிடம், உங்கள் பகுதியைத் தொடும் திட்டக் கட்டம் எது, அதன் நில எடுப்புப் பிரகடனம் எந்தத் தேதியில் வெளியானது, பாரம் கே வராத துண்டுகள் எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள். அந்த எண்ணிக்கை குறையாமல் நின்றால், நீங்கள் நெருக்க வேண்டியது புத்ராஜெயாவை அல்ல, மாநில நில அலுவலகத்தை. எண்ணிக்கை பூச்சியமாகியும் இயந்திரம் வரவில்லை என்றால், அப்போது நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக இந்த ஆண்டின் ஒதுக்கீட்டைக் கேட்பதில் பொருள் உண்டு. அவர் அதை மக்களவையில் கேள்வியாக வைத்தால் அமைச்சு பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்தில் புதிய கட்டுமானம் வருவதாக இருந்து, உள்ளூர்த் திட்டம் இன்னும் நடப்புக்கு வராத பகுதியாக அது இருந்தால், அண்டை நில உரிமையாளருக்கு அறிவிப்பு வரும். 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். அதில் ‘நெரிசல் கூடும்’ என்று மட்டும் எழுதாமல், மழைநீரைத் தேக்கும் ஏற்பாடு எங்கே, அதை யார் பராமரிப்பார் என்று கேளுங்கள். தரை வாடகைக்கு இருப்பவருக்கு அந்த அறிவிப்பு வராது என்பதால், கம்பத்துச் சமூக நிர்வாக மன்றமான எம்பிகேகே அவருக்காகப் பேச வேண்டும்.

பெரிய திட்டம் முடியும்வரை செய்யக்கூடியதும் இருக்கிறது. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றமும் மிகுதி. ஏற்ற நேரங்களைக் கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் ஓராண்டுக்கு முன்பே அட்டவணையாக வெளியிட்டுவிடுகிறது; ஆக, ஆபத்தான நாட்கள் எவை என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம். ஆகஸ்டு மாதத்திலேயே மாநகர் கழகத்துக்கும் மாநில ஜேபிஎஸ்ஸுக்கும் ஒரே கடிதத்தை, ஒருவர் நகலை மற்றவர் பார்க்கும்படி அனுப்பி, உங்கள் தெருவின் வடிகால் கடைசியாக எப்போது வாரப்பட்டது, ஒருவழிக் கதவு யாருடைய பொறுப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, அந்த ஏற்ற நாட்களில் நடமாடும் பம்பு ஒன்றை அருகே நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள்.